பந்தலில் நான் கலந்த மோர்

என் அன்பு மகன் தம்பிக்கு,

இதை வேலைக்குப் போகிற வழியில் பேருந்தில் இருந்துகொண்டு வாசிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது பிரித்து வாசி. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை பேசியும் பார்த்தேன், பாதியில் குரல் உடைந்துபோகிறது. அப்படியொரு குரலைக் கேட்டால் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நீ பயந்துவிடுவாய். எழுதுவதென்றால், முடியாதபோது பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம். நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதெல்லாம் எனக்கு நல்ல செய்திதான். ஆனி மாதம் மூன்று பேரும் வருகிறீர்கள். சின்னவளை முதன்முறையாகத் தூக்கப்போகிறேன். நயினாதீவுக் கோயில் தேருக்குப் போகிற சனத்துக்காக நம் றோட்டோரத்து வளவில் திரும்பவும் பந்தல் போட்டு, அப்பாவின் பெயரில் மோரும் மதியச் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்றாய். எல்லாவற்றையும் நான்தான் முன்னுக்கு நின்று பார்க்க வேண்டும், எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்றாய். நான் ஓம் என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு குசினிக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டேன். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றி, கேத்தில் கருகும் மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

நீ இன்னும் நாற்பதைத் தொடவில்லை. அதற்குள் நெஞ்சுக்கு எத்தனை பரிசோதனை செய்துவிட்டாய். போன வருடம் மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தார்கள் என்றாய். தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது, திடீரென்று போய்விட்டார் என்று போகிற இடமெல்லாம் டொக்டர்மாரிடம் சொல்கிறாய். படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினாலே மருமகள் பயப்படுகிறாள் என்றாய். இனி அப்படிச் சொல்லாதே, தம்பி. உன் அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் செத்தது வயிற்றோட்டத்தில். நம் பந்தலில் நான் கலந்து கொடுத்த மோரால்.

இதை எழுதி முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இன்று காலைதான் திரும்ப எடுத்தேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

நீ வெளிநாடு போய் மூன்றாம் வருடம் அது. உனக்கு அப்போது வதிவிடப் பத்திரம் கிடைக்கவில்லை, ஊருக்கு வந்து போக வழியில்லை. அந்த வருடம் மாரி பொய்த்து, சித்திரையிலேயே தீவுப்பகுதி முழுக்கக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கிவிட்டன. பந்தலுக்கு யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் எடுப்பதென்று அப்பா ஒழுங்கு செய்திருந்தார். கொடியேற்றத்திலிருந்து ஒரு நாளும் பிசகாமல் விடிய ஆறு மணிக்கு வந்து நீலப் பரல் பீப்பாய்களை நிரப்பிவிட்டுப் போகும். அப்பா ஒவ்வொரு பரலுக்கும் குளோரின் மருந்து போட்டு, மூடி, மேலே கல் வைப்பார். அவருக்கு அதில் ஒரு கண்டிப்பு. தம்ளரை வாளிக்குள் தோய்த்துக் கொடுத்தால் ஏசுவார். ஐஸ் போடலாமே என்று யாரோ கேட்டபோது, மீனுக்கு வைக்கிற ஐஸைச் சாமி கும்பிடப் போகிற சனத்துக்குக் கொடுக்கிறதோ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கண்டிப்பைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நம் வளவில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம் எனக்கு.

பின்வளவுக் கிணறு உனக்கு நினைவிருக்கும். அதில் உவர் குறைவு. ஆனாலும் தோட்டத்துக்கும் கால் கழுவவும் மட்டுந்தான் பாவித்தோம். அந்த முறை யாத்திரை வந்த பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் பற்றைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, பின்வளவில் மூன்று குழி வெட்டிப் பனையோலையால் அடைத்துக் கக்கூசு கட்டுவித்தது நான். அப்பா வேலியோரமாகத் தள்ளி வெட்டச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு யார் தண்ணீர் தூக்குவது என்று கேட்டு, கிணற்றடிக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நம் நிலம் ஓட்டைக் கல் நிலம், மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் முற்றத்து வெள்ளம் எங்கே போகிறது என்று பார்த்து வளர்ந்தவள் நான். யோசிக்கவில்லை. அவ்வளவுதான். தேர் வருவதற்குள் அந்தக் குழிகளை இரண்டு கிழமை சனம் பாவித்திருந்தது.

தேரன்று சோழகக் காற்று பேய்த்தனமாக அடித்தது. கடல் புரண்டதால் குறிகட்டுவான் துறையில் படகுகளை நிறுத்தி நிறுத்தித்தான் விட்டார்கள். துறையில் நின்ற சனம் நகராமல், பின்னால் வந்த சனமும் வாகனமும் றோட்டு நெடுகத் தேங்கி நம் வாசலையும் தாண்டி நின்றன. பச்சைக் குழந்தைக்காரிகள், காவடி எடுத்தவர்கள், விடியவே வெறும் வயிற்றோடு புறப்பட்ட கிழவர்கள். நிழல் என்று இருந்தது நம் பந்தல் மட்டுந்தான். பவுசர் அந்த வாகன வரிசைக்குள் எங்கோ அகப்பட்டு நின்றது. அப்பா விடியத்திலிருந்து தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு றோட்டில் நின்று, வாகனங்களை ஒதுக்கி அதற்கு வழி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் மிச்சத் தண்ணீரில் கலந்த மோர் பதினொரு மணியோடு முடிந்தது.

அன்றைக்கு என்னோடு நின்றவள் செல்வராணி. நாரந்தனைப் பெண். கலியாண வீடு, கோயில் மடை என்று சமையலுக்குக் கூப்பிட்டால் வருவாள். நீ கண்டிருக்கமாட்டாய். புருசன் இல்லை, ஒரு பெண்பிள்ளை. கைச்சுத்தம் என்றால் அவளிடம் பார்க்க வேண்டும். கொண்டையை முடிந்து, துணி கட்டி, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் தயிரைத் தொடுவாள். பரல் வெறுமையானதும் நான் பின்வளவுக் கிணற்றைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணி வேண்டாம். கக்கூசு பக்கத்தில கிடக்கு. முடிஞ்சுதெண்டு சொல்லுவம்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? ஒரு பரல்தானே. பவுசர் இப்ப வந்திடும்."

"கேக்கிற சனம் கேட்டிட்டுப் போகும் அக்கா. ஒண்டும் நினையாது."

எனக்கு அது பிடிக்கவில்லை. உன் அப்பப்பா மாத்தறைக் கடையை மூடிவிட்டு வந்து தொடங்கிய பந்தல். இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அப்பா மீண்டும் எடுத்து நடத்திய பந்தல். அதில் தாகத்தோடு நிற்கிற யாத்திரைக்காரருக்கு இல்லை என்று கை விரிப்பதை, நம் குடும்பமே கை விரிப்பதாக நினைத்தேன். அதில் பக்தி எவ்வளவு, என் பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றும் பயமாக இருக்கிறது. வாளியை நானே விட்டேன். நானே அள்ளினேன். தயிரும் தேசிக்காயும் உப்பும் இஞ்சியும் போட்டுக் கலக்கச் சொன்னேன். கூலிக்கு வந்தவள், கலக்கினாள். தன் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ இதைக் குடியாதே என்று காதுக்குள் சொன்னதை நான் கண்டேன். கண்டும் காணாதது போல இருந்தேன்.

மூடி வைக்க நேரம் கிடைக்கவில்லை. சனம் கை நீட்டிக்கொண்டே இருந்தது. தம்ளரைக் கழுவுகிற வாளித் தண்ணீர் வெள்ளையாய் மாறியதையும் மாற்றவில்லை, மாற்றத் தண்ணீர் எங்கே? மத்தியானம் போல அப்பா பந்தலுக்குள் வந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. மோர் இருக்கோ என்று கேட்டார். செல்வராணி கலக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி, அந்தப் பார்வைக்காகத்தான் கொடுத்தேன். இதில் ஒன்றும் இல்லை, பார், என் புருசனுக்கே கொடுக்கிறேன் என்று அவளுக்குக் காட்டத்தான் கொடுத்தேன். மூன்று தம்ளர் குடித்தார். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வெயிலுக்குள் இறங்கினார். நானும் ஒன்று குடித்தேன். எனக்கு ஒரு நாள் வயிற்றைப் பிரட்டியதோடு நின்றுவிட்டது.

பவுசர் பின்னேரம் வந்தது.

அடுத்த நாள் இரவே அப்பாவுக்குத் தொடங்கிவிட்டது. வெயில் சூடு என்றேன். தேயிலைச் சாயம் கொடுத்தேன். அவருக்குச் சீனி வருத்தம், சிறுநீரகத்திலும் கொஞ்சம் பிழை இருந்தது. தண்ணீர் இப்படி உடம்பை விட்டுப் போனால் தாங்கமாட்டார் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கொண்டுபோனால் எங்கே என்ன குடித்தார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, பின்னேரம் பார்ப்போம் என்று தள்ளினேன்.

காலை பத்து மணி போல் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் இறங்கினார். தேருக்குப் போய் வந்த சிலர் வயிற்றோட்டத்தோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், அதனால் றோட்டோரப் பந்தல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். மரியாதையான மனிசன். நான் படலையைத் திறக்காமல் நின்றே கதைத்தேன். பரல்களை முதல் நாளே மருந்துத் தூள் போட்டு உரஞ்சிக் கவிழ்த்துவிட்டிருந்தேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். பவுசர்த் தண்ணீர் என்றேன். பின்வளவுக் கிணற்றைப் பாவித்தீர்களா என்றார். கால் கழுவ மட்டும் என்றேன். மோரைக் கலந்தது யார் என்று கேட்டு எழுத ஆயத்தமானார்.

செல்வராணியின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். போன கிழமை அவளின் பிள்ளைக்கு வயிற்றோட்டமாம் என்றும் சொன்னேன். அது உண்மைதான். பிள்ளையைப் பார்க்க லீவு கேட்டு வந்தபோது அவளே என்னிடம் சொன்னது. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம், சமையலுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றும், பிள்ளை முற்றாகச் சுகமான பிறகுதான் வேலைக்கு வருவேன் என்றும் சொல்லி, அப்படியே செய்தவள்.

கடைசியாக அவர் கேட்டார்.

"அம்மா, உங்கட வீட்டில ஆருக்கும் வருத்தம் இருக்கோ?"

"இல்லை."

அப்பா உள்ளே, விறாந்தைக்கு அடுத்த அறையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். படலைக்கும் அந்த அறைக்கும் எத்தனை அடி என்று உனக்குத் தெரியும். ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிசன் உள்ளே வந்து பார்த்திருப்பார், அந்த நிமிடமே வாகனம் பிடித்து ஏற்றியிருப்பார். நான் இல்லை என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னேரம் அப்பாவுக்குக் கதை குழறியது. கை கால் குளிர்ந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடி நின்றது. ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் இளம் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். சலம் கழிகிறதா, எப்போதிருந்து இல்லை என்று கேட்டுக் கேட்டுவிட்டு, காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே அம்மா என்று மெதுவாகச் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் போட்டார்கள். நாலாம் நாள் கொஞ்சம் தெளிந்து, என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"இஞ்சேரும். அண்டைக்கு எந்தத் தண்ணி ஊத்தினீர்?"

"பவுசர்த் தண்ணிதான்."

அவர் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவுசர் வரேல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன்னோடு கதைக்க வேண்டும் என்றார். அங்கே உனக்கு வேலை நேரம், நீ எடுக்கவில்லை. அடுத்த நாள் விடிய அவர் போய்விட்டார். நீ திரும்ப எடுத்தபோது நான் வாட்டு வாசலில் நின்றேன். என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கத்தினாய். நெஞ்சு என்றேன். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லாத ஒரு சாவு எனக்கு வேண்டியிருந்தது. வாயில் வந்த சொல்லை எட்டு வருடமாக நீ நெஞ்சில் சுமக்கிறாய்.

செல்வராணிக்கு நடந்ததையும் கேள். பரிசோதகர் அவளைப் போய் விசாரித்தார். அவள் கிணற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் கதை றோட்டால் போனது. பிள்ளைக்கு வருத்தத்தை வைத்துக்கொண்டு மோர் கலந்தாளாம், அதில்தான் அந்த மனிசனும் போனாராம் என்றார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று சொந்தக்காரரை நான் கேட்டுக்கொண்டதால் உன் காதுக்கு அது வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து ஒருவரும் கேட்காமலே பாத்திரம் கழுவினாள். அவள் ஊற்றிய தேத்தண்ணீரை ஒருவரும் எடுக்கவில்லை. தட்டில் அப்படியே ஆறிக்கிடந்ததை நான் பார்த்தேன், நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் தமக்கையிடம் எழுவைதீவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

வயிற்றோட்டத்தோடு அனுமதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சுகமாகி வீடு திரும்பினார்கள் என்று சொன்னார்கள். ஆனால் அது கணக்கில் வந்தவர்கள் மட்டுந்தானே. அந்தப் பரலில் எத்தனை பேர் குடித்தார்கள்? வவுனியாவிலிருந்து வந்தவர்கள், மட்டக்களப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், எல்லோரும் அன்றே திரும்பிப்போன சனம். பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். தாய் வயிறு பெருத்த பிள்ளைத்தாய்ச்சி. தாயும் குடித்தாள். அவர்கள் எந்த ஊர்? வீடு போய்ச் சேர்ந்தார்களா? அதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒவ்வொரு ஆனியிலும் பஸ்கள் துறைக்குப் போகிற சத்தம் கேட்டால் அறைக்குள் போய் யன்னலைப் பூட்டிக்கொள்கிறேன். கோயில் குளத்துக்குப் போனால், எந்தப் பந்தலைக் கண்டாலும் தண்ணீர் எங்கே எடுத்தது, மருந்து போட்டதா என்று கேட்கிறேன். எனக்குத் தண்ணிப் பைத்தியம் என்று பெயர். ஒரு முறை ஒரு பந்தலில் மீன்பெட்டி ஐஸை உடைத்துச் சர்பத்துக்குள் போடுவதைக் கண்டேன். கேட்க வாய் எழவில்லை. கேட்க நான் யார்? அந்தக் கோழைத்தனத்தால் யாருக்கு என்ன வருமோ என்று அன்றிரவு முழுவதும் பயந்தேன்.

நீ பந்தல் போடப்போகிறேன் என்று சொன்ன பிறகு, முதலில் செல்வராணியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து எழுவைதீவுப் படகில் ஏறினேன். காற்று விழவில்லை, படகு சரியும்போதெல்லாம் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். கடலைவிட, இறங்கிய பிறகு பார்க்கப்போகிற முகம்தான் அதிகம் பயம் தந்தது. அவள் கரையோரம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இருக்கச் சொல்லி ஒரு கதிரை போட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததையும், படலையில் நான் சொன்னதையும். பிள்ளையின் வருத்தத்தைப் பரிசோதகரிடம் சொன்னது நான்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது. வேறு யாரோ என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளாம்.

அவள் திரும்பிப் போய்க் கருவாட்டைப் புரட்டிப் போடத் தொடங்கினாள். கிணற்றைப் பற்றி ஏன் நீர் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானுந்தானே கலக்கினனான் அக்கா. வேண்டாமெண்டு சொன்னனான், பிறகு கலக்கினனான். அண்ணை குடிக்கேக்கை தட்டிவிட்டிருக்கலாம். விடேல்லை."

"பந்தலுக்கு நீர் வரவேணும். உம்மட கையால நடக்கவேணும்" என்றேன்.

"நான் வரமாட்டன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு அந்த வளவுக்குள்ள கால் வைக்க ஏலாது. ஆனா நீங்கள் எழுதிப் போடுங்கோ. ஊரில எல்லாரும் வாசிக்கிற மாதிரிப் போடுங்கோ. என்ர மகளுக்குக் கலியாணம் பேச வருகினம், வாற ஆக்கள் நாரந்தனையில விசாரிக்கினம்."

அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. தபாலில் போட்டுவிட்டு, இதன் படி ஒன்றை நம் சனசமூக நிலையப் பலகையிலும், இன்னொன்றை நாரந்தனையிலும் ஒட்டப்போகிறேன். நீ வாசித்துவிட்டாய் என்று தெரிந்த அடுத்த நாள் ஒட்டுவேன். உன் பெயர் அதில் இராது. என் பெயரும் அவளின் பெயரும் இருக்கும். இந்த வயதில் சங்கக்கடைக்குப் போய் வரிசையில் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை. என்றாலும் ஒட்டுவேன்.

பந்தலைப் பற்றி. நீ போடுவதென்றால் நான் தடுக்கவில்லை, ஆனால் நான் முன்னுக்கு நிற்கமாட்டேன். இப்போதுள்ள சுகாதாரப் பரிசோதகரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் போய், இன்றும் குடிக்க உதவாது என்று எழுதித் தந்தார். பந்தல் போடுகிறவர்கள் முன்கூட்டியே அவரிடம் பதிய வேண்டும், தண்ணீர் வரும்போது மருந்து போதுமா என்று அவர்கள் வந்து பார்ப்பார்கள். அவர் சொல்கிறபடி செய், ஒன்றையும் குறைக்காதே. மோர் வேண்டாம், தம்பி. கொதிக்க வைக்காத எதையும் அவ்வளவு சனத்துக்குக் கொடுக்கிற துணிவு எனக்கு இனி வராது. கொதித்து ஆறிய தண்ணீர் கொடு, போதும். சோறும் கறியும் விடிய ஆக்கி மத்தியானம் வரைக்கும் வைத்திருக்காமல் தவணை தவணையாக ஆக்குவி. வாழையிலையைக் கழுவுகிற தண்ணீரும் குடிக்கிற தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், இதை மறந்துவிடுவார்கள். சமைக்க வருகிறவருக்கு வயிற்று வருத்தம் என்றால் அந்த நாளுக்குரிய கூலியைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல். கூலி போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால் மனிதர் உண்மையைச் சொல்லுவார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் கக்கூசுக்கு யாரும் இடம் காட்டினால், அது நானாக இருந்தாலும், கேட்காதே.

எல்லாவற்றையும் விட ஒன்று. தண்ணீர் முடிந்தால், முடிந்தது என்று சொல். கை நீட்டிக்கொண்டு நிற்கிற சனத்தைப் பார்த்து, இல்லை, மன்னியுங்கோ, வேறு பந்தலில் கேளுங்கோ என்று சொல்லிப் பந்தலை மூடு. அந்த நேரம் உனக்கு வெட்கமாக இருக்கும். அப்பாவின் பெயர் கெட்டுவிடுமோ என்று இருக்கும். ஊரார் முகம் சுளிப்பார்கள். அந்த வெட்கம் ஒரு பின்னேரத்துக்குத்தான். எனக்கு அதைத் தாங்கத் தெரியவில்லை, அதனால் என்ன வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

இதை வாசித்த பிறகு நீ வராமலும் விடலாம். மருமகளிடம் கேட்டுப் பார், அவளும் ஒரு தாய். சின்னவளை என்னிடம் விடப் பயமாக இருந்தால் அதையும் விளங்கிக்கொள்ளுவேன், எனக்கே என் கையைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. வந்தால், விமானத்தால் இறங்கி வீட்டுக்கு வந்ததும், பெட்டியை வைத்துவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேள். கத்திக் கேட்டாலும் கேள். பிள்ளைக்கு முன்னால் என்றாலும் பரவாயில்லை. அப்பா கேட்டபோது நான் பொய் சொன்னேன். உனக்குச் சொல்லமாட்டேன்.

உன் அம்மா